இரவல் சட்டி

தண்ணீரைத் துடுப்பு அடிக்கும் சத்தம்தான் முதலில் கேட்டது. அப்புறம்தான் பனிக்குள்ளிருந்து பரிசல் தெரிந்தது.

"திட்டுக்குங்களா?" என்றான் பரிசல்காரன் மாது.

"ஆமா. சவரிமுத்து வூட்டுக்கு. எங்க சித்தப்பா."

காவிரி நடுவிலிருந்த அந்தத் திட்டில்தான் பெரியநாயகம் பிறந்தான். தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போனவன், அப்பா செத்த பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. இப்போது மகளுக்குக் கல்யாணம். அப்பா இடத்தில் நிற்கச் சித்தப்பா வேண்டும்.

மாதா படம் போட்ட பத்திரிகையைச் சித்தி பாக்கியமேரி கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"தம்பி அருளப்பன் எங்க சித்தி?"

"வேலைக்குப் போயிருக்கான்" என்றாள் சட்டென்று. "ஓசூர் பக்கம்."

அடுப்பில் களி. பக்கத்தில் கீரை.

"என்ன சித்தி, வெளிய வலை காயுது, உள்ள கீரை வேகுது. ஆத்து நடுவுல குந்திக்கிட்டு மீனுக்குப் பஞ்சமா? உன் கைக் கொழம்புக்குத்தான் சாயங்கால ஷிப்ட் முடிச்ச கையோட ராத்திரி பஸ் ஏறினேன்."

சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கினார். சித்தி பரிசல் துறைக்குப் போய், ஒரு சட்டியோடு திரும்பினாள்.

குழம்பு கொதித்து இறங்கியது. தட்டு ஒன்றுதான் வைத்தாள்.

"நீங்க?"

"நாங்க அப்புறம். நீ சாப்புடு."

அவன் முதல் வாய் வைக்கும்போதே எழுந்து வெளியே போய்விட்டாள். சித்தப்பா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஒரு மீன் துண்டுக்கு இவ்வளவா? வீம்புக்கென்றே இன்னும் இரண்டு துண்டு தானே எடுத்துப் போட்டுக்கொண்டான்.

கை கழுவிவிட்டுக் கேட்டான். "தை மாசம் நீங்கதான் முன்னால நிக்கணும் சித்தப்பா."

"நாங்க வர்றதுக்கில்லப்பா. நல்லபடியா நடத்து."

"ஒரே ஒரு ராத்திரி."

"திட்டை விட்டு வர முடியாதுப்பா."

"தம்பியையாவது அனுப்புங்க."

சித்தப்பா ஈர வலையை எடுத்து உதறத் தொடங்கினார்.

திரும்பும்போது பரிசலில் அந்தச் சட்டி கிடந்தது, மீன் வாடையோடு.

"சொந்தமாம் சொந்தம்" என்றான் மாதுவிடம். "கூப்பிட்டா வரமாட்டாங்க. ஒரு வாய் மீன் போட்டுட்டு மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க. இது ஏன் இங்க கெடக்குது?"

"எங்க வூட்டுச் சட்டிங்க. இரவல் வாங்கினாங்க."

"வலை போடறவங்க வூட்ல மீன்சட்டி இல்லையா?"

"உடைச்சுப் போட்டுட்டாங்க. ஏழு வருஷமாச்சுங்க, எண்பத்தி மூணு ஆடி வெள்ளத்தப்போ."

"ஏன்?"

மாது துடுப்பை நிறுத்தினான். "உங்ககிட்ட சொல்லலீங்களா? பத்திரிகை வெக்க வந்தவங்ககிட்ட எப்படிச் சொல்லுவாங்க, பாவம். பரிசல் கவுந்து அருளப்பனை ஆறு கொண்டுட்டுப் போயிடுச்சுங்க. உடம்பு கெடைக்கல. என்னிக்காவது ஒதுங்கும்னு பெரியவரு தெனம் விடியக்காலம் கரையைச் சுத்தி வராரு. புடிக்கறதை விக்கறதோட சரி. இந்த ஆத்து மீனை அவங்க வாயில வெக்கறதில்லீங்க."

பெரியநாயகத்தின் விரல்களில் குழம்பு வாசனை இன்னும் இருந்தது.

மாது துடுப்பைத் தண்ணீரில் போட்டான்.