மூலைத் தொட்டி

பீச் கன்றின் இலையைத் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள் தெமெனுகா.

பச்சை. நரம்போரத்தில்கூட ஒரு வெளிறல் இல்லை.

கண்ணாடிக் கூடத்தின் வாசலில் ரம்பத்தோடு நின்றிருந்தார் நைதென். அந்தத் தோட்டத்தில் மரங்களை நடுவதும் அவர்தான், வெட்டுவதும் அவர்தான். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. போகச் சொன்னாலும் போகவில்லை.

"சோம்பேறி பழுக்கத்தான் நேரமாக்கும்னு பார்த்தா, சேதி சொல்லவும் நேரமாக்குதே டாக்டரம்மா."

சோம்பேறி என்பது ஒரு பிளம்ஸ் மரம். முதல் உறைபனி விழுந்த பிறகுதான் பழுக்கும். ஒரு மடாலயத்தின் பின்புறம் நின்ற தாய்மரம் பட்டுப்போய்விட்டது. பழைய வகைகளைக் காப்பாற்றி வைக்கவென்றே பால்கன் மலையடிவாரத்தில் போட்ட இந்தத் தோட்டத்தில் நிற்பதுதான் அதன் வம்சத்தில் மிஞ்சிய ஒரே மரம்.

சென்ற இலையுதிர்காலத்தில் அதன் பக்கத்து மரத்துக்கு அம்மை கண்டது. இலையிலும் பழத்திலும் வளையம் வளையமாகப் போடும் நோய். மருந்து கிடையாது. வந்த மரத்தை வெட்டி எரிக்க வேண்டும், அசுவினிப் பூச்சி அதன் சாற்றைக் குடித்துவிட்டு அடுத்த மரத்துக்குப் பறப்பதற்குள்.

சோம்பேறிக்கும் தொற்றியிருக்கிறதா என்பதை மரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிளம்ஸ் மரம் வருடக்கணக்கில் காட்டிக்கொள்ளாமல் நிற்கும். அதனால் அதன் கிளையிலுள்ள மொட்டுக் கண்களைச் சீவி, பீச் கன்றுகளில் ஒட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். பீச்சுக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

அடுத்த கன்றும் பச்சை. அதற்கடுத்ததும்.

தெமெனுகா சிரிக்கவில்லை.

போன மாதம் கூடத்தின் வெப்பமூட்டி கெட்டுப்போய், நிறுத்த ஆளில்லாமல் எரிந்துகொண்டே இருந்தது. விடிந்து வந்து பார்த்தபோது கண்ணாடியெல்லாம் வியர்த்து வழிந்தது. சூடு அதிகமானால் பீச்சுகூட அம்மையை உள்ளே அமுக்கிக்கொள்ளும். அது அவளுக்கும் தெரியும், தோட்டத்தின் இயக்குநருக்கும் தெரியும்.

"சந்தேகம் இருந்தா இன்னைக்கே வெட்டிடுங்க. பூச்சி கிளம்புற நேரம்," என்று அவர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

மூலையில் ஒரு தொட்டி மிச்சம் இருந்தது. அதை அவள் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தாள்.

மண்டியிட்டு உட்கார்ந்தாள். கீழ் இலைகளைப் பார்த்தாள். நடு இலைகளைப் பார்த்தாள்.

வாசலில் நைதென் கேலியை நிறுத்திவிட்டிருந்தார். ரம்பத்தின் பிடியில் அவர் விரல்கள் இறுகியிருந்தன. மணிக்கட்டில், மார்ச் பிறந்ததும் ஊரார் கட்டிக்கொள்ளும் சிவப்பு வெள்ளை நூல், அழுக்கேறி, இன்னும் அவிழ்க்காமல் இருந்தது.

எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

கொழுந்துக்குக் கீழே, இப்போதுதான் விரிந்த ஓர் இலை. அதன் நரம்பைச் சுற்றி, பால் சிந்தித் துடைத்ததுபோல் ஒரு வெளிறிய வளையம்.

அம்மை.

தெமெனுகா அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது.

"வந்திருக்கு அண்ணே! வந்திருக்கு!"

நைதென் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்தத் தொட்டியில் ஒட்டியிருந்தது சோம்பேறியின் கண் அல்ல. அம்மை இருக்கிறதென்று நிச்சயமாகத் தெரிந்த வேறொரு மரத்தின் கண். ஒவ்வொரு முறையும் அப்படி ஒன்றைக் கூடவே வைப்பார்கள். அதில் நோய் தெரிந்தால்தான் மற்றவற்றின் பச்சையை நம்பலாம். சூடு அடங்கியதும் அம்மை மறுபடி வெளியே வந்திருக்கிறது. சோம்பேறிக்கு இருந்திருந்தால் அதன் கன்றுகளின் புது இலையிலும் வந்திருக்கும்.

"சோம்பேறி பிழைச்சிடுச்சு. போய்ச் சொல்லுங்க எல்லார்கிட்டயும்."

"சொல்றேன், சொல்றேன்." அவர் நகரவில்லை. "நம்ம வீட்டு மரத்தோட அம்மை... நல்லாத் தெரியுதா? சும்மா ஒரு புள்ளின்னு சொல்லிடமாட்டாங்களே?"

"பளிச்சுன்னு தெரியுது அண்ணே. இந்த வருஷமும் அந்த மரத்தை வெட்டமாட்டாங்க, வலைக்குள்ளயே இருக்கும்."

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

மதியத்துக்குள் தோட்டமே சோம்பேறியின் அடியில் கூடிவிட்டது. மரம் பூத்திருந்தது. பூத்த மரத்தைக் கண்டால் மணிக்கட்டு நூலை அவிழ்த்து அதில் கட்டிவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். கிளையெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகிவிட்டது. இயக்குநர்கூட ராக்கியாச் சாராயப் புட்டியைத் திறந்தார்.

நைதென் அங்கே நிற்கவில்லை.

தெமெனுகா அவர் போன திசையைப் பார்த்தாள். தோட்டத்தின் கோடியில், பூச்சி நுழையாத வலைக்கூண்டுக்குள், ஒற்றை பிளம்ஸ் மரம். பல வருடங்களுக்கு முன் அவர் வீட்டு முற்றத்துக்கு அம்மை வந்தபோது, முற்றத்து மரங்கள் அத்தனையையும் இதே ரம்பத்தால் அவரே வெட்டினார். ஒரு குச்சியை மட்டும் தோட்டம் கேட்டு வாங்கிக்கொண்டது. அதன் நோய்க்காக. அதுதான் வளர்ந்து இந்த மரமாகி, மூலைத் தொட்டிக்குக் கண் கொடுக்கிறது.

நோயைக் காட்டும்வரைதான் அதற்கு அங்கே இடம்.

அவர் நூலை அவிழ்த்து, தாழ்ந்த கிளை ஒன்றில் சுற்றினார். கட்டும்போது, நோய்நொடி இல்லாமல் இரு என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். நைதென் வாயைத் திறந்தார்.

பிறகு மூடிக்கொண்டு, முடிச்சை இன்னொரு முறை இறுக்கினார்.