எடுத்தா வைக்கணும்

“திருடு போயிருச்சு! திருடு போயிருச்சு!” என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார் கணவர். முகத்தில் மட்டும் லாட்டரி விழுந்தவனின் களை.

சூப் கிண்டிக்கொண்டிருந்தவள் அடுப்பைத் தணித்தாள். கிண்டியது ஸ்பேனரால். போன வாரத்திலிருந்து கரண்டியைக் காணோம்.

“என்னங்க போச்சு?”

“கரண்டி!”

“என் கரண்டியா? அப்போ அதை எடுத்தது நீங்கதானா?”

“நான் எடுத்துப் பெட்டியில வெச்சேன். பெட்டியிலேர்ந்து வேற யாரோ எடுத்துட்டாங்க. என் ஆட்டத்தை யாரோ ஆடியிருக்காங்கம்மா!”

தண்ணீருக்காக நிலத்தைத் துளைப்பது அவருக்கு வேலை. புதையல் ஆட்டம் பொழுதுபோக்கு. பாறை இடுக்குகளில் தகரப் பெட்டிகளை ஒளித்து வைப்பார். கண்டுபிடிப்பவர் உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஈடாக ஒன்றை வைத்துவிட்டு, பெட்டியை இருந்தபடியே மூட வேண்டும்.

பூமியில் இருந்தவரை பூங்கா பூங்காவாக இதே பிழைப்பு. வேலை மாற்றலில் இந்தக் கிரகத்துக்கு வந்தபோது பெட்டிகளும் கூடவே வந்தன. ஒரே ஒரு குறை, தேடுவதற்கு ஆளில்லை.

“மொத்தக் கிரகத்துக்கும் நாம மூணே பேரு மாமா,” என்று அவளுடைய தம்பி தினமும் வம்பிழுப்பான். அவன்தான் அங்கே மெக்கானிக். “ஒளிச்சு வெக்கிறது நீங்க. எனக்குக் கால்ல மாவுக்கட்டு. அக்காவுக்கு ஆட்டமே புடிக்காது. உங்க பெட்டியைத் தேடிக் காத்தா வரும்?”

வம்பு முற்றிப் பந்தயமானது. இன்று மதியத்துக்குள் ஒரு பெட்டியாவது திறக்கப்படாவிட்டால், அத்தனை பெட்டிகளையும் உருக்கி வண்டிக்கு மட்கார்டு செய்துவிடுவது. அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. பளபளவென்றிருந்த கரண்டியைத் தூண்டிலாக வைத்தது கடைசி முயற்சி.

“கரண்டிக்குப் பதிலா என்ன வெச்சிருக்காங்க பாரு!”

உள்ளங்கை அகலத்தில் ஒரு நீலத் தட்டு. விளிம்பெல்லாம் பல் பல்லாக இருந்தது. தொட்டால் இளஞ்சூடு.

“இதுல சூப்பை மொண்டு ஊத்த முடியுமா?” என்றாள் அவள்.

தம்பி, ஸ்டூலில் நீட்டிய காலை எடுக்காமலேயே அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “நல்லாத்தான் இருக்கு. யாரு வெச்சது?”

கணவர் அவளைப் பார்த்தார். ரிசல்ட் ஒட்டும் பலகைக்கு முன்னால் நிற்கும் பையனின் முகம்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். அங்கே அவளுடைய ஹெல்மெட் மல்லாந்து கிடந்தது. அதற்குள் மண் போட்டு வளர்த்த கீரை ஒரு ஜாண் உயரத்துக்குத் தளதளவென்று நின்றது. ஒரு பிடி கிள்ளி சூப்பில் போட்டாள்.

“நான்தாங்க,” என்றாள்.

“நீயா! எப்போ?”

“நீங்க தூங்கும்போது.”

“கேட்டியா மாப்ளே? என் பொண்டாட்டிடா! மட்கார்டை நீ அட்டையில செஞ்சுக்கோ!” அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “சரி, கரண்டி எங்கே?”

“பத்திரமா இருக்கு. மொதல்ல போய்க் குளிங்க. உடம்பெல்லாம் வேர்வை.”

அவர் போனார். குளியலறைக்குள்ளிருந்து பாட்டு கிளம்பியது. அந்த வீட்டில் பாட்டுக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

தம்பி குரலைத் தாழ்த்தினான். “அக்கா, புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணும். ஹெல்மெட்டுக்குள்ள தோட்டமே நிக்குது. எதை மாட்டிக்கிட்டு வெளியே போனே?”

“கத்தாதேடா. பெட்டியை நீ உருக்கிட்டா அப்புறம் அந்த மூஞ்சியை யாரு பாக்கறது? அவரே எதையோ வெச்சுட்டு வந்து நாடகம் போடுறாரு. போட்டுட்டுப் போகட்டும்.”

“அவரா? வெளியே போறவரை உள்ளே இருக்கறவன் கேமராவுல பாத்துக்கிட்டே இருக்கணும்கிறதுதானே ரூலு? கரண்டியை வெச்ச அன்னிக்கும் பாத்தேன். சொன்னா வீடு ரெண்டாகும்னு சொல்லல. இன்னிக்கும் பாத்தேன். பெட்டியைத் திறந்தவரு பயந்துபோய் மல்லாக்க விழுந்தாரு.”

“அப்போ நீதான் வெச்சியா?”

அவன் மாவுக்கட்டை டொக் டொக்கென்று தட்டிக் காட்டினான்.

குளியலறையில் பாட்டு இரண்டாவது சரணத்துக்குப் போனது. மேஜைமேல் அந்தத் தட்டு இன்னும் ஆறவே இல்லை.

அவள் ஸ்பேனரும் கையுமாக ஜன்னலுக்கு வெளியே, ஆளரவமற்ற பாறைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்போ என் கரண்டி இப்ப யாரு வீட்டுலடா இருக்கு?”