மழை டப்பா

"உங்க ஊர்ல மட்டும் வாராவாரம் மழை பெஞ்சிருக்கே, தசரதன்," என்றார் மெட்ராஸிலிருந்து ஜீப்பில் வந்த ஆபீசர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிரே ஏரியில் மாடு படுத்திருந்தது, அதுவும் நட்டநடு ஏரியில்.

எண்பத்து மூன்றாம் வருஷம் அது. வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். வறட்சி என்று இவர் அறிக்கை எழுதினால்தான் தண்ணீர் லாரி வரும், ஏரி தூர்வாரும் வேலை வரும். பஞ்சாயத்து மெம்பர் என்று ஊரே என்னைத்தான் பிடுங்கியது.

அவரோ மழை டப்பாவைத்தான் நம்புவார்.

ஏரிக்கரையில், முழங்கால் உயரக் கம்பிவேலிக்குள் சர்க்கார் நட்டுவைத்த டப்பா. மேலே அகன்ற வாய். விழுகிற மழை அடியில் சேரும். வாரத்துக்கு ஒரு ஆள் சைக்கிளில் வந்து அளந்துகொண்டு போவான். கைவைத்தால் கேஸ் என்று பலகையும் உண்டு.

"இன்னா சார், எங்களப் பாத்தா பொய் சொல்ற மாதிரியா கீது?"

கத்தத் தெம்பில்லை. காலையில் வீட்டில் போட்ட சண்டையிலேயே தொண்டை வறண்டு போயிருந்தது. இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டேன். சாமிக்கு எடுத்து வைத்தது என்று சொம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என் பெண்சாதி சந்திரம்மாள். எங்கெங்கோ நடந்து அவள் தலையில் சுமந்துவந்த தண்ணீர்தான். இருந்தாலும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

ஆபீசர் பூட்டைத் திறந்து, அடியில் இருந்ததை அளவுக் கண்ணாடியில் ஊற்றினார். பழுப்பாக இருந்தது.

துரு என்று முணுமுணுத்துக்கொண்டே பேனாவை எடுத்தார்.

என் மூக்கு சும்மா இருக்கவில்லை. மஞ்சள் வாசனை. டப்பாவின் வாயில் ஒரு வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது.

மழை வேண்டி மாரியம்மனுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பது எங்கள் பெண்களின் வழக்கம். காலையில் சொம்போடு போன சந்திரம்மாள், அம்மனைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் சர்க்காரின் மழைச்சாமிக்கே ஊற்றியிருக்கிறாள், பாவி மக. வாராவாரம் ஊற்றியிருக்கிறாள்.

சிரிப்பதா அழுவதா, ஒன்றும் புரியவில்லை எனக்கு. அந்தப் பலகையை ஒருதரம் பார்த்துக்கொண்டேன்.

"எழுதாதீங்க சார். அது மழையில்ல, எங்க வூட்டுக் குடிதண்ணி," என்றேன். "நான்தான் ஊத்தினேன்."