ஏக்கர் எண்ணூறு

“நீங்க மதிப்புப் போட்டா, வந்த பார்ட்டி செருப்பைக்கூட மாட்டாம ஓடிருவான்ணே. பெறகு எவன் உங்ககிட்ட ஆளனுப்புவான்?” என்றான் நிலத்தரகன் கருப்பணன்.

சூசைக்கு முகம் விழுந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சர்வே இலாகாவில் முப்பது வருஷம் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர் அவர். நிலமும் வீடும் வாங்குகிறவர்களுக்கு நேரில் பார்த்து மதிப்பு எழுதிக் கொடுத்தே காலம் தள்ளிவிடலாம் என்று நம்பியிருந்தார். அதற்காக, திண்டுக்கல் பத்திர ஆபீசுக்கு எதிரே டீக்கடையில் கூடும் தரகர்கள் அத்தனை பேருக்கும் எட்டு மாதமாக டீ வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கெல்லாம் போய் மொய்யும் எழுதியாகிவிட்டது. டீயைக் குடித்தார்கள், மொய்யை வாங்கிக்கொண்டார்கள், ஓர் ஆளைக்கூட அனுப்பவில்லை. வீட்டிலோ இருபத்தாறு வயதில் மகள் கல்யாணத்துக்குக் காத்திருந்தாள். அம்மாச்சி எழுதி வைத்த ஒரு துண்டு நிலம்தான் அவளுக்குச் சீதனம்.

“உள்ளதைத்தானே தம்பி எழுதுறேன்?”

“உள்ளதை எழுத நீங்க எதுக்குண்ணே? அகரத்துல முத்துப்பேச்சின்னு ஒரு அம்மா. புருசன் செத்துப் போயிட்டான். கெணத்தோட ரெண்டு ஏக்கரை விக்குது. ஏக்கர் ஆயிரத்தைந்நூறு ரூவா கேக்குது. சர்வேயரு சொன்னா ஒத்துக்கிடும். எண்ணூறுன்னு எழுதுங்க. ரைஸ்மில் முதலாளி வாங்குறாரு. நாளையிலேர்ந்து நம்ம தரகுக்காரங்க அம்புட்டுப் பேரும் உங்களுக்கு ஆளனுப்புவாங்க.”

“அந்த மண்ணு எனக்குத் தெரியாதா தம்பி? என்ன போட்டாலும் வெளையுமே!”

“தெரியும்னுதானே உங்ககிட்ட வாரேன்.”

மறுநாள் சூசை அந்த வயலில் இறங்கி, ஒரு பிடி மண்ணை அள்ளி உதிர்த்துப் பார்த்தார். முத்துப்பேச்சி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உவர் ஏறியிருக்கும்மா. கெணறும் கோடை தாங்காது. எண்ணூறுக்கு மேல பெறாது.”

“வருசம் பூரா வெள்ளாமை எடுத்த மண்ணுய்யா...” என்று இழுத்தாள் அவள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “படிச்சவுக சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்றாள்.

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தாளில் எழுதுகிற விலையால் மண் கெட்டுப் போகாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

கருப்பணன் சொன்ன சொல் தவறவில்லை. ஒரே வருஷத்தில் ரெட்டியார்சத்திரம் தொட்டுப் பழனி வரைக்கும் நாற்பது சொத்துகளுக்கு சூசை மதிப்பு எழுதினார். தரகர்கள் சொன்ன விலைதான் அவர் விலை. டீயும் இப்போது அவர்களே வாங்கிக் கொடுத்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. போகப் போகப் பழகிவிடும் என்று நினைத்தார். பழகவில்லை.

அடுத்த ஆவணியில் தாலுகா ஆபீசிலிருந்து சம்மன் வந்தது. அகரத்தில் ரைஸ்மில் முதலாளி வாங்கிய நிலத்தை ஒட்டி, அரசாங்கம் விதைப்பண்ணை வைக்க இடம் எடுக்கிறதாம்; யார் யார் நிலம் என்று சம்மனில் இல்லை. நிலம் பறிகொடுக்கிறவர்கள் விலை போதாதென்று ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

தாசில்தார் ஒரு தாளை எடுத்து சூசையிடம் நீட்டினார். “இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாங்கய்யா.”

“பக்கத்து நிலம் போன வருஷம் என்ன விலைக்குப் பத்திரமாச்சோ, அந்த விலைதான் சர்க்கார் கொடுக்கும். ஏக்கர் எண்ணூறு. நீங்க வேணும்னே குறைச்சு எழுதினதா மனுவில சொல்றாங்க. நிஜமா?”

சூசை தாளைத் திருப்பி மேசை மேல் வைத்தார்.

“பொய்யா எழுதியிருந்தா இப்பவே சொல்லிடுங்க. உங்க மேல கேஸ் வரும். ஆனா பாவம், அவங்களுக்கு விலை கூடும்.”

சொல்லிவிடத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் இது பொய் என்றால் மற்ற நாற்பதும் பொய்யாகிவிடும். கருப்பணன் திரும்பியும் பார்க்க மாட்டான். போலீஸ் வாசலுக்கு வரும். ஜெயிலுக்குப் போனவன் வீட்டில் எவன் பெண் எடுப்பான்? எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பள்ளமாகத்தான் தெரிந்தது. வேட்டி நுனியால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“நான் எழுதினது சரிதாங்கய்யா” என்றார். அந்தக் குரல் அவருக்கே கேட்கவில்லை.

தாசில்தார் அதை எழுதிக்கொண்டு, அடியில் அவரிடம் கையெழுத்து வாங்கினார். “அப்ப ஆட்சேபம் தள்ளுபடி. விலை எண்ணூறுதான். நிலத்துக்காரங்களை ஒவ்வொருத்தராக் கூப்பிடுப்பா” என்றார்.

“ஆனந்தமேரி!” என்று டவாலிச் சேவகன் வாசலில் நின்று கூவினான்.

வராந்தாவில் காத்திருந்த பெண் ஒருத்தி, பட்டாவை மடித்துப் பிடித்தபடி உள்ளே வந்தாள். தாசில்தாருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சூசையின் அருகில் வந்து நின்று மெதுவாகக் கேட்டாள்.

“நம்ம சீதன நிலமும் இதுல சேருதுன்னு நீங்க கெளம்பின பெறகுதான் நோட்டீசு வந்துச்சு. நல்ல விலையாச் சொல்லிட்டீங்களாப்பா?”