வயலுக்கு ஓய்வு

"நாளைக்கும் வந்து சுடு டங்கன். முளைச்ச பட்டாணியில பாதியைப் புறா தின்னுடுச்சு" என்று கெஞ்சினார் நெவில்.

புறாக்களை ஏமாற்றி இறங்க வைப்பதற்காக வயலில் நட்டிருந்த பொம்மைப் புறாக்களை டங்கன் பிடுங்கிச் சாக்கில் போட்டான்.

"ஒரே வயல்ல அடுத்தடுத்த நாள் சுட்டா, புறா உஷாராகி இந்தப் பக்கமே வராதுண்ணே."

"அடப்பாவி! வராம இருக்கத்தானே உன்னைக் கூப்பிட்டேன்?"

"நம்பி வந்து இறங்கினாத்தானே சுட முடியும்? நாளைக்கு வயலுக்கு ஓய்வு குடுங்க. நாளன்னைக்கு வர்றேன்."

நெவிலுக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது. இங்கிலாந்தில், லிங்கன்ஷயரின் அந்த மூலையில் வேறு வேட்டைக்காரனும் கிடையாது. தலையாட்டினார்.

மறுநாள் வேலிக்கு அப்பால், மேவிஸ் அம்மாவின் பட்டாணி வயலில் வெடிச்சத்தம் கேட்டது. அங்கே மிரண்டு எழும்பிய புறாக்கூட்டம் வேலியைத் தாண்டி நெவிலின் வயலில் இறங்கியது. அவர் கத்தினார், கை தட்டினார், தொப்பியை வீசினார். அவை தலைகூட நிமிராமல் கொத்தின.

'மேவிஸ் புது ஆளைப் பிடிச்சிருக்காங்க! காலைப் பிடிச்சாவது கூட்டிட்டு வந்துடணும்.'

மூச்சிரைக்க வேலியோரம் ஓடினார். மேவிஸின் குரல் கேட்டது.

"நாளைக்கும் வாப்பா, புண்ணியமாப் போகும்!"

சாக்கைத் தோளில் போட்டபடி டங்கன் சிரித்தான்.

"நாளைக்கு உங்க வயலுக்கு ஓய்வும்மா. கவலைப்படாதீங்க, புறா எங்கயும் போயிடாது."