மருந்து குடிச்சாங்களா?

பொற்கொடியின் கண்கள் மஞ்சளாகிப் பத்து நாள் ஆகியிருந்தது. கல்லீரல் வீங்கியிருப்பதாகச் சொன்ன டாக்டர், கட்டிலருகே நின்ற அவள் கணவன் தணிகாசலத்திடம், "வீட்ல மருந்து ஏதாச்சும் குடிச்சாங்களா?" என்று கேட்டார்.

வார்டே திரும்பிப் பார்த்தது. தணிகாசலத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "மருந்து குடிச்சுச் சாகுற அளவுக்கு எங்க வீட்ல என்ன குறை சார்? இவள நான் ஒரு நாள்கூட கை நீட்டினதில்ல!"

"நான் கேட்டது அந்த மருந்து இல்லைங்க" என்று டாக்டர் தொடங்கியது அவன் சத்தத்தில் அமுங்கிப்போனது. புருஷனின் மானம் போய்விடக் கூடாதே என்று பொற்கொடி, "நான் எதையும் குடிக்கல சார்" என்றாள். டாக்டர் கேஸ் ஷீட்டில் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தணிகாசலம் பையிலிருந்து டப்பாவை எடுத்தான். மூன்று மாதமாக அவளுக்குத் தினமும் கலக்கிக் கொடுக்கும் எதிர்ப்புச் சக்தி மூலிகைப் பொடி. பக்கவிளைவு அறவே இல்லை என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு ஒரு கரண்டியை இரண்டு கரண்டியாக்கியிருந்தான்.

"மருந்து குடிச்சாளான்னு கேக்குறான், மனுசனா அவன்?" என்று முணுமுணுத்தபடி பொடியைக் கலக்கித் தம்ளரை அவள் வாயருகே கொண்டுபோனான். "அடியில நிக்கிற மண்டியையும் விடாம குடிச்சிரு."