இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம்

"டாக்டர், கை கழுவிட்டு அவரைத் தொடுங்க."

நீட்டிய கையை அப்படியே நிறுத்தினார் இளம் டாக்டர் ஸ்ரீகாந்த். அவர் பின்னால் நின்ற நர்ஸ் ஷோபனா, பேசாமல் இருக்கும்படி பத்மாவுக்குக் கண்ணால் சைகை காட்டினாள்.

பத்மா விடவில்லை. "இப்பதான் பக்கத்து பெட்டு பெரியவரோட கட்டைப் பிரிச்சுப் பாத்தீங்க. அதே கையோட இவரு தையலைத் தொட வர்றீங்களே?"

"நீங்க நர்ஸா?"

"இல்ல சார். திருமழிசைல ஊசி பேக் பண்ற கம்பெனில கீறேன். ஒரு பாக்கெட்டைத் தொடவே மூணு தரம் கை கழுவச் சொல்வாங்க. நீங்க மனுசனைத் தொடப் போறீங்க."

டாக்டரின் முகம் சிவந்தது. ஆனாலும் போய்க் கை கழுவிக்கொண்டு, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார்.

படுக்கையில் கிடந்த கோவிந்தராஜ் சென்னீர்குப்பத்தில் பைக்கோடு விழுந்து, தொடை எலும்பு முறிந்து, பூந்தமல்லியில் இருந்த அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஆபரேஷன் முடிந்து வார்டுக்குக் கொண்டு வந்ததிலிருந்து பத்மா லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தாள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவளுடைய போனில் அலாரம் அலறும். உடனே எழுந்து, நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி அவன் கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, உடம்பை ஒருபக்கமாகத் திருப்பிவிடுவாள்.

"வலிக்குதுமே! சும்மா உட்டுடேன்" என்று கத்துவான் அவன்.

"சும்மா உட்டா முதுகுல புண்ணு வந்துடும். அப்பறம் மாசக்கணக்கா இங்கயே கெடப்பியா? திரும்புயா."

மறுநாள் அவனுடைய கூட்டாளி வினோத், பஸ்ஸில் வந்த வியர்வையோடு நேராக வந்து படுக்கையிலேயே உட்கார்ந்தான்.

"மச்சான், இன்னா மச்சான் இப்டி ஆயிட்ட?"

"அண்ணாத்தே, எந்திரிங்க. அந்த ஸ்டூலுல உக்காருங்க. மொதல்ல கை கழுவிகினு வாங்க" என்றாள் பத்மா.

வினோத் கூட்டாளியைப் பார்த்தான். கோவிந்தராஜ் சுவரைப் பார்த்தான். வினோத் எழுந்து போய்க் கை கழுவினான்.

ஐந்தாம் நாள் பக்கத்துப் படுக்கைப் பெரியவர் வீராசாமிக்குக் குளிர் ஜுரம் தூக்கிப் போட்டது. ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் பிடித்துவிட்டது என்று சொல்லி ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்கள். அவருடைய மகள் வராந்தாவில் நின்று அழுதாள்.

அன்று சாயங்காலம் பத்மா கோவிந்தராஜின் நெற்றியில் கை வைத்தாள். சுட்டது.

அவள் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு வார்டு வாசலிலேயே கழன்று விழுந்தது.

"சிஸ்டர், அவருக்கு ஜுரம்! அஞ்சு நாளா மூத்திர ட்யூப் அப்டியே கீது. அதான் எழுந்து உக்கார்றாரே, இன்னும் எதுக்கு அது? டாக்டர்கிட்ட கேளுங்க, இப்பவே கேளுங்க!"

ஷோபனா உடனே டாக்டருக்குப் போன் செய்தாள். ஸ்ரீகாந்த் வந்தார். யாரும் சொல்லாமலே கை கழுவினார். தையலைப் பார்த்தார்.

"காயம் சுத்தமா இருக்கு. நீங்க சொன்ன மாதிரி ட்யூபாலதான் இருக்கணும். ரெண்டு நாள் முன்னாடியே எடுத்திருக்கணும், கவனிக்காம விட்டுட்டோம்" என்றார்.

ட்யூபை எடுத்து மருந்து மாற்றினார்கள். இரண்டாம் நாள் ஜுரம் இறங்கியது. பத்மா அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்ததும் கோவிந்தராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. தானே பாத்ரூம் போவதாகக் கிளம்பினான். துடைத்த தரை இன்னும் காயவில்லை. அவன் சரிவதற்குள் பத்மா இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு எலும்பையும் ஒடச்சிக்கப் பாக்கறியா? என்னைக் கூப்புட வேண்டிதான?"

அவன் அவள் தோளில் சாய்ந்தபடியே நின்றான். அதன் பிறகு எங்கே போவதென்றாலும் அவளைக் கூப்பிட்டான்.

பதினோராம் நாள் டிஸ்சார்ஜ். புண் இல்லை, சீழ் இல்லை, ஜுரம் இல்லை. வீராசாமியும் பிழைத்து வார்டுக்குத் திரும்பியிருந்தார். ஆனால் அவருக்கு மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது.

"உங்களைப் பாத்து எங்க ஸ்டாஃபே மாறிட்டாங்கக்கா" என்றாள் ஷோபனா. பிறகு கோவிந்தராஜிடம் திரும்பினாள். "இப்டி ஒரு பொண்டாட்டி கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும் சார்."

கோவிந்தராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆட்டோவில் அவனை ஏற்றி உட்கார வைத்த பத்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பத்மா, நான் உன்ன மதிச்சதே இல்ல. ஆனா நீ என்னக் கொழந்த மாதிரி பாத்துகின. இனிமே நீ இன்னா சொன்னாலும் கேப்பேன். சத்தியமா."

பத்மா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"அப்டின்னா திங்கக்கெழம பத்தரைக்கு கோர்ட்டுக்கு வந்துடு. நாலு வருசமா ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஜுரம், முதுகு வலின்னு டாக்டர் சீட்டு குடுத்தே என்னை இழுத்தடிச்ச; இந்த வாட்டி டைவர்ஸுக்கு வராம இருக்க உன் ஒடம்புல ஒரு சாக்கையும் நான் மிச்சம் வெக்கல."